641ஐ முதலில் காட்டாதீர்கள்

கணிதப் புத்தகங்கள் கொண்டாடும் ஒரு நிறுவல்மீது எனக்குப் பல காலமாக மனத்தாங்கல் உண்டு. இரண்டு மூன்று வரிக்குள் முடிந்துவிடும் நிறுவல் அது. 4294967297 என்ற பத்திலக்க எண் முதன்மை எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்) அல்ல, அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்பதை நீள்வகுத்தல் எதுவும் செய்யாமலே காட்டிவிடும். அதில் பிழை கிடையாது, ஒரு சொல்கூட மிகை கிடையாது. இருந்தும் அதைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் ஒவ்வொரு தடவையும், பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய எதையோ கொடுக்காமல் விட்டது போன்ற உறுத்தல் எனக்குள் மிஞ்சும்.

நிறுவல் இதுதான். 625உம் 16உம் சேர்ந்தால் 641. அதாவது 641 = 5⁴ + 2⁴. இன்னொரு பக்கம் 640உம் 1உம் சேர்ந்தாலும் 641. அதாவது 641 = 5 × 2⁷ + 1. இரண்டாவதிலிருந்து, 5 × 2⁷ என்பது 641க்கு ஒன்று குறைவு, ஆகவே அதை 641ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ இன் மீதி 1 ஆகும். முதலாவதிலிருந்து, 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ ஐ வைக்கலாம். அப்போது −2³² இன் மீதி 1. ஆகவே 2³² + 1 ஐ 641 மீதியின்றி வகுக்கும். 2³² + 1 என்பதுதான் 4294967297. அவ்வளவுதான்.

எல்லாம் சரி. ஆனால் இது 641இல் தொடங்குகிறது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்கள் வரிசையில் நிற்க, இந்த ஒன்றை மட்டும் யார் கைகாட்டினார்கள்? அதைச் சொல்லாமல் மிச்சத்தை எவ்வளவு நேர்த்தியாகச் சொன்னாலும், கேட்கிறவன் வியக்கலாம், தலையாட்டலாம். தானாக இன்னொன்றைச் செய்து பார்க்க அவனுக்கு எந்த வழியும் கிடைக்காது.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர இணைந்த கணிதம் கற்பிக்கிறவன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். எந்த ஆண்டில் எந்த வினா, புள்ளியிடும் திட்டத்தில் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கடினமான கணக்கொன்று வந்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: “முதல் வரியை மட்டும் சொல்லுங்கள் சேர், மிச்சத்தை நாங்கள் செய்வோம்.” சொன்னால் செய்துவிடுவார்கள், அதில் சந்தேகமில்லை. அந்த முதல் வரியைத் தேடி எடுப்பதுதான் கணிதம், மிச்சம் கைப்பழக்கம் என்பது என் கட்சி. அதை அவர்களிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு ஓரிரு புள்ளிகளே தலைவிதியைத் தீர்க்கும் ஊரில், முதல் வரியைத் தேடி ஒரு பிள்ளை ஒரு மாலையைச் செலவழிப்பதை வீட்டில் யாரும் படிப்பு என்று ஏற்கமாட்டார்கள்.

கணக்கு நன்றாக ஓடும் பிள்ளை என்றால் இங்கே தனி மதிப்பு. அது இன்று நேற்று வந்ததல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் முக்கிய பாடங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அந்த நாளிலிருந்து கணிதம் எங்கள் குடும்பங்களுக்கு உத்தியோகமும் கௌரவமும் தந்திருக்கிறது, ஊரைவிட்டு வெளியே போக வழியும் தந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எதையாவது பெற்றுத்தரும் பொருளாகவே ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்தால், அதை அதற்காகவே நின்று பார்க்கும் பொறுமை மெல்ல மெல்லக் குறைந்துவிடுகிறது.

கடைசி வாங்கிலிருந்து வந்த கேள்வி

ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்த எண்ணுக்கும் சரி என்று காட்டி எல்லா எண்களுக்கும் நிறுவுகிற கணிதத் தொகுத்தறிவு முறையைத் தொடங்கும்போது இந்த எண்ணை நான் உதாரணமாக எடுப்பது வழக்கம். 2இன் வலுக்களை எடுங்கள். சுட்டியும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டு போகட்டும். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். 1640இல் பியர் டி பெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை இவற்றைப் பார்த்துவிட்டு, இந்த வரிசையில் வருபவை எல்லாமே முதன்மை எண்கள் என்று தாம் நம்புவதாகக் கடிதம் எழுதினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. அடுத்து வருவது 2³² + 1. 1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்ற கணிதர் இந்தக் கூற்றை இளம் கணிதர் லியோன்ஹார்ட் ஒயிலரின் காதில் போட்டு வைத்தார். 1732இல் ஒயிலர் விடை சொன்னார்: 4294967297 = 641 × 6700417. ஐந்து தடவை சரிவந்தது ஆறாம் தடவை பொய்த்தது. ஆகவே சில எண்களுக்குச் சரிபார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதக்கூடாது, தொகுத்தறிவின் அடுத்த படி கட்டாயம் வேண்டும். உதாரணத்தின் வேலை இத்துடன் முடிந்தது என்று அழிப்பானை எடுத்தேன்.

கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. “சேர், 641 என்று அவருக்கு யார் சொன்னது?”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவன், “இது பேப்பரில் வருமா சேர்?” என்று கேட்டான். வராது என்றேன். பேனைகள் கீழே வைக்கப்பட்டன. அவள் மட்டும் உட்காரவில்லை. அடுத்த வகுப்பில் இதற்கு நேரம் ஒதுக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தாள். எனக்குள் பெயரில்லாமல் கிடந்த மனத்தாங்கலை அவள் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதை எங்கிருந்து தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

இடமும் வலமும்

அந்த எண்ணை நெருங்குவதற்கு முன் அதன் இரு பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒன்று குறைந்தால் 4294967296. அது 2³², இரண்டைத் தவிர வேறெதுவும் கலக்காத எண். இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி முறையில் இருக்கக்கூடிய முகவரிகளின் மொத்தத் தொகை அதுதான். இன்னும் ஒன்று குறைந்தால் 4294967295. 32 பிட்டுகளில் ஒரு கணினி எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண். இதைக் காரணிப்படுத்தப் பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதினால் (2¹⁶ + 1)(2¹⁶ − 1). இரண்டாவது அடைப்பை அதே மாதிரி மறுபடி உடையுங்கள், பிறகும் உடையுங்கள். கடைசியில் நிற்பது 65537 × 257 × 17 × 5 × 3. பெர்மா பட்டியலிட்ட ஐந்து முதன்மை எண்களும் தலைக்கு ஒன்றாக வந்து நிற்கின்றன, வேறு யாரும் இல்லை.

1796இல் பதினெட்டு வயது காவுஸ் என்ற ஜெர்மன் கணிதர், நேர்விளிம்பையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு 17 பக்கங்களுடைய ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாம் என்று கண்டார். அந்த வழியில் போனால், ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களோடு அமைக்கக்கூடியது என்று இன்றுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பல்கோணி எத்தனை பக்கமுடையது தெரியுமா? அதே 4294967295. இதைச் சொன்னபோது வகுப்பில் பலரும் நிமிர்ந்தார்கள். சாதாரணதரத்தில் கவராயத்தோடு பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்கவில்லை.

இதிலிருந்து நமக்கு உடனே ஒரு பயன் உண்டு. 4294967297 அந்தப் பெருக்கத்தைவிட இரண்டு கூடியது. ஆகவே 3, 5, 17, 257, 65537 எதனால் வகுத்தாலும் மீதி 2தான். தன் வரிசையில் முன்னால் வந்த எவரோடும் அதற்குப் பொதுக் காரணி கிடையாது. இடப்பக்கத்தில் ஐந்து பேரும் சேர்ந்து கட்டிய எண், நடுவில் இரண்டுகள் மட்டும் நிறைந்த எண், வலப்பக்கத்தில் இவர்கள் யாரையும் உள்ளே விடாத எண். பத்து இலக்கங்களை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே சாயல், கடைசி இலக்கத்தில் மட்டும் வித்தியாசம். பெரிய எண்கள்மீது எனக்குள்ள ஈடுபாட்டுக்கு இதுதான் மூலம். எழுத்தில் ஒட்டி நிற்கும் எண்கள் உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன.

பத்து எண்கள், பிறகு நான்கு

சும்மா தேடினால் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும்? 4294967297இன் வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குக் கீழே 6542 முதன்மை எண்கள் உள்ளன. வரிசையாக வகுத்துக்கொண்டு போகிறவன் 116ஆவது முதன்மை எண்ணில் 641ஐச் சந்திப்பான். பொறுமைசாலிக்கு இது முடியாத காரியமல்ல. ஆனால் 641 வரை போனால் போதும் என்று அவனுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆறாயிரமும் மலைபோல எதிரே நிற்கும். ஒயிலர் அப்படிப் போகவில்லை.

அவருடைய சிந்தனை இப்படிப் போகிறது. ஏதோ ஒரு முதன்மை எண் 4294967297ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எது என்று தெரியாது. ஆனால் அதைப் பற்றி ஒன்று தெரியும்: அதனால் 2³² ஐ வகுத்தால் மீதி −1. வர்க்கித்தால் 2⁶⁴ இன் மீதி 1. 2, 4, 8, 16 என்று வலுக்களை ஒவ்வொன்றாக வகுத்து மீதியைக் குறித்துக்கொண்டு போனால், மீதி முதன்முதலாக 1 ஆவது எங்கே? அந்தச் சுட்டி 64ஐ வகுக்க வேண்டும். 64ஐவிடச் சிறிய சுட்டி என்றால் அது 32ஐயும் வகுக்கும். அப்படியானால் 32இலும் மீதி 1 வந்திருக்க வேண்டும், ஆனால் அங்கே வந்தது −1. ஆகவே முதல் தடவை 64இல்தான். அதன் பிறகு 64 படிக்கு ஒருமுறை, அந்த இடங்களில் மட்டும், 1 திரும்ப வரும்.

இங்கே இன்னொரு தேற்றம் கைகொடுக்கிறது. ஒற்றை முதன்மை எண் ஒன்றை எடுத்து, அதைவிட ஒன்று குறைந்த சுட்டியில் 2இன் வலுவை அதனால் வகுத்தால் மீதி எப்போதும் 1. ஆகவே அந்த ஒன்று குறைந்த எண் 64இன் மடங்காக இருந்தேயாக வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 4294967297ஐ வகுக்கும் எந்த முதன்மை எண்ணும் 64இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். சுண்ணாம்புப் பாறையில் கிணறு வெட்டுகிறவருக்கு இடம் குறிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுவது போல, இந்த ஒரு வாக்கியத்தில் தேடலின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. முதல் பத்துப் பேர் இவர்கள். 65உம் 385உம் 5ஆல் வகுபடுவன. 129, 321, 513 மூன்றும் 3ஆல் வகுபடுவன. 257 முன்னரே விலகிவிட்டது. மிஞ்சுவது நான்கு: 193, 449, 577, 641.

வாக்குக் கொடுத்தபடி அடுத்த வகுப்பில் இந்த நான்கையும் பலகையில் எழுதினேன். மாரிக்காலம். சோதித்துப் பார்ப்பது எப்படி என்று விளக்கத் தொடங்கியதும் தகரக் கூரைமேல் மழை அடித்து ஊற்றியது, நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பேச்சை விட்டுவிட்டு 193ஐ மட்டும் நானே செய்து காட்டினேன். 2⁸ = 256, மீதி 63. வர்க்கித்தால் 3969, மீதி 109. அதுதான் 2¹⁶ இன் மீதி. மறுபடி வர்க்கித்தால் 11881, மீதி 108. அது 2³² இன் மீதி. ஒன்றைக் கூட்டினால் 109, வகுபடவில்லை. வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சைகை காட்டினேன். கொப்பிகள் திறந்தன. பத்திலக்க எண்ணைத் தொடவே வேண்டியதில்லை, வர்க்கிப்பதும் மீதி எடுப்பதும் போதும் என்று பிடிபட்டதும் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். பேப்பரில் வருமா என்று கேட்டவனும் குனிந்திருந்தான்.

449க்கு 2¹⁶ இன் மீதி 431, 2³² இன் மீதி 324. இல்லை. 577க்கு 335, பிறகு 287. இல்லை. அந்த மாணவி எழுந்து வந்து வெண்கட்டியை எடுத்தாள். 65536இலிருந்து 641 × 102, அதாவது 65382 ஐக் கழித்தாள். மீதி 154. 154ஐ வர்க்கித்தாள்: 23716. அதிலிருந்து 641 × 36, அதாவது 23076 ஐக் கழித்தாள். 640. கை அங்கே நின்றது. 641க்கு ஒன்று குறைவு. குறைகிற அந்த ஒன்று எண்ணின் கடைசியில் கூட்டக் காத்திருக்கிற ஒன்று. பின்வரிசைப் பையன்கள் மேசையில் தட்டத் தொடங்கிய பிறகுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விடை அவர்களுக்கு முதல் வகுப்பிலேயே தெரியும், நானே எழுதிக் காட்டியிருந்தேன். தெரிந்த விடை தங்கள் கைவழியே வந்து சேர்ந்ததற்குத்தான் அந்தத் தட்டல்.

என் கட்சி ஆட்டம் கண்ட இடம்

இதோடு நிறுத்தியிருந்தால் என் மனத்தாங்கல் முழு வெற்றி பெற்றிருக்கும். தேடல்தான் கணிதம், நேர்த்தியான நிறுவல் வெறும் அலங்காரம் என்று எழுதி முடித்திருப்பேன். மழை ஓய்ந்ததும், ஒப்பிட்டுக் காட்டலாம் என்று பழைய நிறுவலையும் பலகையின் மறுபாதியில் எழுதினேன். 641 = 5 × 2⁷ + 1. இது எங்கிருந்தோ குதித்த வரி, இப்படி ஒரு வரியை நீங்களாக எழுத முடியுமா என்று கேட்டேன்.

அவள் இரு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். “குதிக்கவில்லை சேர். நாங்கள் தேடியது 64இன் மடங்கோடு ஒன்று. 641 பத்தாவது. 64 × 10 + 1. பத்துக்குள் ஓர் இரண்டு இருக்கிறது. அதையும் வெளியே எடுத்தால் 5 × 128 + 1.”

எத்தனையோ ஆண்டுகளாக அந்த நிறுவலை எழுதி வந்த எனக்கு அந்த வரியின் பிறப்பிடத்தை ஒரு மாணவி காட்டினாள். இதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்த ஒன்று இந்தத் தொழிலில் அதிகம் இல்லை. அவள் சொன்ன பிறகு மற்றதும் தானாக அவிழ்ந்தது. 5 × 2⁷ இன் மீதி −1 என்று தெரிந்துவிட்டது. நமக்கு வேண்டியது 2³². 7 என்ற சுட்டியை நான்கு மடங்காக்கினால் 28 வரும், இன்னும் நான்கு இரண்டுகள் குறையும். அந்த நான்கு இரண்டுகளை, அதாவது 16ஐ, எங்கிருந்து எடுப்பது? கையில் மிஞ்சியிருப்பது 5⁴, அதாவது 625. 641இலிருந்து 625ஐக் கழித்துப் பார்க்கத் தோன்றாதா? கழித்தால் 16. 641 = 5⁴ + 2⁴ என்ற முதல் வரி, தேவைப்பட்ட இடத்தில் தேவைப்பட்டபடி வந்து பொருந்துகிறது.

ஆகவே அந்த நிறுவல் எதையும் ஒளிக்கவில்லை. தேடலின் அடையாளம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. 64இன் மடங்கு என்ற கருத்தை அறியாதவருக்குத்தான் அது கண்ணில் படாது. தேடல் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. 154உம் 640உம் வகுபடுகிறது என்று சொல்கின்றன. 625உம் 16உம் ஏன் வகுபட்டது என்று சொல்கின்றன. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். பிழை அவற்றின் வரிசையில்தான். மூன்றாவதை முதலாவதாகக் கொடுக்கிறோம், பிறகு பிள்ளைகள் முதல் வரியைப் பிச்சை கேட்கிறார்கள் என்று வருந்துகிறோம்.

சொல்லாமல் சென்றவர்கள்

ஒயிலரே இதில் ஒரு பாடம். 1732இல் அவர் சமர்ப்பித்த கட்டுரையில் 641 வகுக்கிறது என்று மட்டும் அறிவித்தார், எப்படிக் கண்டார் என்பதை எழுதவில்லை. காரணிகள் 64இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில்தான் இருக்க முடியும் என்பதை நிறுவி, அந்த வழியில் 641க்கு வந்து காட்டிய கட்டுரை 1750இல்தான் அச்சில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை வாசித்தவர்களும் என் மாணவியின் கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

பின்னர் அமெரிக்காவின் வேர்மான்ட் பகுதியிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட செரா கோல்பர்ன் என்ற சிறுவனிடம் 1812 அளவில் இதே 4294967297 கொடுக்கப்பட்டது. 1804இல் பிறந்தவன், சின்னப் பிள்ளை. 641ஆல் வகுபடும் என்று மனக்கணக்கிலேயே சொன்னான். விடைகள் தன் மனத்துக்கு எப்படி வருகின்றன என்று அந்த வயதில் அவனால் விளக்க முடியவில்லை. பார்த்தவர்கள் வியந்து போனார்கள், வழியைக் கற்றுக்கொண்டு போனவர்கள் இல்லை. எனக்கு அந்தச் சிறுவனை நினைத்தால் பெருமிதத்தைவிட இரக்கமே அதிகம் வருகிறது. ஊர் ஊராக மேடையேற்றிய பிள்ளைக்கு நின்று யோசிக்க யார் நேரம் கொடுத்தார்கள்?

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் அலைக்கழிப்பது பெர்மாவின் கதை. ஒயிலர் பயன்படுத்திய அந்தச் சிறு தேற்றம் பெர்மாவுடையது. 4294967297 முதன்மை எண் என்று நம்பிய அதே 1640ஆம் ஆண்டில்தான் அதையும் கடிதத்தில் எழுதினார். அதுமட்டுமல்ல, அதே ஆண்டில் 2³⁷ − 1 என்ற எண்ணைக் கையிலெடுத்து, அதன் காரணிகள் 74இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில்தான் வரும் என்று கண்டு, 223ஆல் அதை உடைத்தார். 74 × 3 + 1. இதே ஆயுதம், இதே வீச்சு. அதை 2³² + 1 மீது திருப்பியிருந்தால் ஒரு பிற்பகலில் நான்கு எண்களைச் சோதித்து 641க்கு வந்திருப்பார். கையில் சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்காமல் போனார் அந்த மாமேதை. ஐந்து எண்கள் அழகாக வரிசையில் வந்து நின்றதில் அவருக்கு ஏற்பட்ட நம்பிக்கையை என்னால் உணர முடிகிறது. அந்த ஐந்து எண்களைப் பலகையில் எழுதும்போது ஆறாவதும் முதன்மையாகவே இருக்கட்டும் என்று எனக்கே மனம் விரும்பும்.

641 இல்லாமலே

பின்னொரு நாள் அவள் அடுத்த கேள்வியோடு வந்தாள். அடுத்த எண்ணின் கதை என்ன? 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி வைத்த கதையின் மொத்த நெல்லைவிட இரண்டு கூட. 1880இல், எண்பது வயதைக் கடந்திருந்த லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் அதை 274177 × 67280421310721 என்று உடைத்தார். இன்னும் மேலே போகலாம். ஆறாவதிலிருந்து இதுவரை தீர்மானிக்கப்பட்டவை எல்லாம் சேர்த்தி எண்களே, அதாவது சிறிய எண்களின் பெருக்கமாக உடையக்கூடியவை. 65537க்குப் பிறகு ஒரு முதன்மை எண்கூட இந்த வரிசையில் கிடைக்கவில்லை. இன்னும் தீர்மானிக்கப்படாதவற்றுள் மிகச் சிறியதை எழுதப் போனால் 250 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும்.

ஆனால் அவளைப் பிடித்துக்கொண்ட தகவல் வேறு. சுட்டி 2²⁰ ஆக இருக்கும் எண் சேர்த்தி எண் என்று 1987இல் நிறுவப்பட்டது. இன்றுவரை அதன் ஒரு காரணியும் யாருக்கும் தெரியாது. “641 போல ஒன்று கிடைக்காமல் எப்படிச் சேர் வகுபடும் என்று சொல்ல முடியும்?” என்றாள். அதற்கும் ஒரு வழி உண்டு, 1877இல் பெப்பான் என்ற பிரெஞ்சுக் கணிதர் தந்தது. 3ஐ எடுத்துத் திரும்பத் திரும்ப வர்க்கித்து, ஒவ்வொரு முறையும் அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போக வேண்டும். சுட்டி, அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்ததன் பாதியை அடையும்போது மீதி −1 என்றால் அது முதன்மை எண். வேறு எதுவாக இருந்தாலும் சேர்த்தி எண். காரணி யாரென்று அது சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 3க்குப் பதில் 2ஐ வைத்துக்கொண்டு இந்த எண்களைச் சோதிக்க முடியாது. ஒற்றை முதன்மை எண்ணைவிட ஒன்று குறைந்த சுட்டியில் 2இன் மீதி 1 என்றேன் அல்லவா? சேர்த்தி எண்ணாக இருந்துகொண்டே 4294967297 அந்தச் சோதனையில் தேறிவிடும். 2⁶⁴ இல் மீதி 1 ஆகிவிடுகிறது, ஒன்று குறைந்த எண்ணான 2³² என்பதோ 64இன் மடங்கு. பிறகு மீதி 1 அன்றி வேறென்ன வரும்?

பேசிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்போம் என்று 257ஐ எடுத்தோம். சுட்டி 128 வரை போக வேண்டும், ஏழு தடவை வர்க்கித்தால் போதும். இந்த முறை வகுப்பில் யாரும் முதல் வரியைக் கேட்கவில்லை. 9, 81, அடுத்தது 6561இன் மீதி 136. அதை வர்க்கித்தால் மீதி 249. 249ஐ −8 என்று எழுதிக்கொண்டால் வேலை சுலபம் என்று ஒரு பையன் சொன்னான். சொன்னவன், பேப்பரில் வருமா என்று முன்பு கேட்டவன். −8ஐ வர்க்கித்தால் 64. அதை வர்க்கித்தால் 4096, மீதி −16. −16ஐ வர்க்கித்தால் 256, அதாவது −1. 257 முதன்மை எண்.

65537க்கு இதே வேலையைப் பதினைந்து தடவை செய்ய வேண்டும், அதைச் சிலர் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். 4294967297க்கு முப்பத்தொரு தடவை. முதல் சில தடவைகளுக்குப் பிறகு பத்திலக்கம் வரை நீளும் எண்களை வர்க்கிக்க வேண்டும். கடைசியில் −1 வராது என்று அவர்களுக்குத் தெரியும். என்ன வரும் என்று பார்க்க வேண்டும் என்கிறாள் அவள்.